கிளி சொன்ன டிங்

தையல் மாஸ்டர் பொய் பேசாத மனிதர், ஒரே ஒரு வாக்கியத்தைத் தவிர. "நாளைக்கு வாங்க, ரெடியா இருக்கும்" என்பதுதான் அது. அவர் வாயில் வரும் நாளை எந்த நாள் என்பது ஆண்டவனுக்குத்தான் வெளிச்சம். ஆனாலும் அதில் கெட்ட எண்ணம் கிடையாது. வந்தவர் முகம் வாடக் கூடாதே என்றுதான் சொல்வார்.

பக்கத்தில் இருந்த தெருமுனைக் கடை அவருடைய சகலையுடையது. அக்காளையும் தங்கையையும் கட்டிய இருவரும் அடுத்தடுத்துக் கடை போட்டு, நடுச்சுவரில் ஒரு ஜன்னலும் வைத்துக்கொண்டார்கள். இந்தப் பக்கமிருந்து கத்தரிக்கோல் போகும், அந்தப் பக்கமிருந்து டீ வரும். சகலை பறவைகள் விற்பவர். ஜன்னலோரம் அவர் தொங்கவிட்டிருந்த பச்சைக்கிளி வெகுநாள் காது கொடுத்துக் கேட்டுவிட்டு, ஒருநாள் மாஸ்டர் கடைக்குள் ஒருவர் கால் வைத்ததுமே, மாஸ்டர் குரலிலேயே, "நாளைக்கு வாங்க, ரெடியா இருக்கும்" என்றது.

வந்தவர் பெருமூச்சு விட்டுத் திரும்பிப் போய்விட்டார். அன்று அவருடைய சட்டை உண்மையாகவே தயாராக இருந்தது. மாஸ்டருக்கு அதுதான் பொறுக்கவில்லை.

"கிளிக்கு நீங்கதானே சகலை சொல்லிக் குடுத்தீங்க?"

"நான் எதுக்கு அண்ணே சொல்லிக் குடுக்கணும்? நீங்கதான் தினமும் பாடம் நடத்துறீங்களே."

அன்று மாலையே மாஸ்டர் ஒரு தகரம் வாங்கி வந்து ஜன்னலை மூடி ஆணி அடித்தார். பேச்சும் அதோடு நின்றது. மனைவிமார் இருவரும் மட்டும் வழக்கம்போல ஒருவர் வீட்டில் ஒருவர் உட்கார்ந்து, தகரத்தின் கதையைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்கள்.

இதற்குள் ஊரார் பணப்பையை வீட்டில் வைத்துவிட்டு வெறும் போனோடு கடைக்கு வரப் பழகிவிட்டார்கள். "போனைக் காட்டிப் பணம் கட்டலாமா?" என்று வாசலிலேயே கேட்பார்கள். இல்லை என்றால் எதிர்ப்புறத்துப் பெரிய கடைக்குப் போய்விடுவார்கள். கடைசியில் ஆஸ்பத்திரியின் தலைமை நர்ஸும் அதையே சொன்னார். அங்குள்ள நர்ஸ்கள் அத்தனை பேருக்கும் சீருடை தைப்பவர் மாஸ்டர். அவர் கடை நிற்பதே அந்த வேலையால்தான்.

"இனிமே எல்லாம் போன்லதான் மாஸ்டர். இங்க முடியலன்னா எதிர்க்கடையிலதான் குடுக்கணும். என் கையில ஒண்ணும் இல்ல."

போனிலிருந்து பணம் வாங்கும் மிஷின் ஒன்றை மாஸ்டர் வாங்கினார். கண்ணை மூடிக் கடவுளை நினைத்துப் பொத்தானை அழுத்தினார். திரையில் ஒரு வட்டம் சுற்றியது. அவர் மூன்று பொத்தான் தைத்து முடித்த பிறகும் சுற்றிக்கொண்டே இருந்தது.

மிஷின் கம்பெனியிலிருந்து வந்த பெண் நாலாபக்கமும் நடந்து பார்த்துவிட்டு, "அந்த ஜன்னல் வழியாத்தான் சார் சிக்னல் வரணும். தகரம் மறைக்குது. எடுத்துட்டா போதும்" என்றாள்.

"வேற ஏதாவது சொல்லும்மா."

"அப்போ பக்கத்துக் கடை வாசல்ல வச்சுக்கோங்க. அங்க நல்லா வருது."

தகரத்தை எடுப்பதைவிட வாசலில் நிற்பது மாஸ்டருக்குக் கௌரவமாகப் பட்டது. அன்றுமுதல் அளவெடுப்பது ஒரு கடை, பணம் கட்டுவது ஒரு கடை என்று ஆயிற்று. மாஸ்டர் கழுத்தில் டேப்போடு முன்னால் நடக்க, வாடிக்கையாளர் போனோடு பின்னால் வருவார். முதல் நாள் அவர்கள் வருவதைப் பார்த்ததும் சகலை, தானிய மூட்டையை நகர்த்தி, ஒரு ஸ்டூலைப் போட்டு, தோளில் கிடந்த துண்டால் துடைத்தும் வைத்தார். மாஸ்டர் முகத்தை மட்டும் பார்க்கவில்லை.

"கொஞ்ச நேரம்தான் நிப்பேன்னு கடைக்காரர்கிட்ட சொல்லுங்கம்மா" என்றார் மாஸ்டர், வாடிக்கையாளரைப் பார்த்து.

"உக்காரச் சொல்லுங்கம்மா. ஸ்டூல் நிக்கறதுக்கு இல்ல" என்றார் சகலை, அதே அம்மாளைப் பார்த்து.

ஜன்னல் மூடியபின் வாசலுக்கு மாறிய கிளிக்கூண்டு, ஸ்டூலுக்கு நேர்மேலே தொங்கியது. பணம் சேர்ந்தால் மிஷின் 'டிங்' என்னும். கிளி தலையைச் சாய்த்துச் சாய்த்து அதைக் கேட்டுக்கொண்டிருந்தது. புதுப் பாடத்தை அது கவனமாகப் படிக்கிறது என்று யாருக்குத் தெரியும்?

சீருடை மொத்தத்துக்கும் பணம் கட்டத் தலைமை நர்ஸ் வந்தார். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்ற அவசரம். போனை நீட்டினார். மிஷின் யோசித்தது. மேலேயிருந்து 'டிங்' என்று சத்தம் கேட்டது.

"ஆச்சா மாஸ்டர்?"

"ஆச்சும்மா."

அவர் மூட்டையோடு விரைந்து போனார். மாஸ்டர் நிம்மதியாகத் திரையைப் பார்த்தார். 'மறுபடி முயலவும்' என்று இருந்தது.

மாஸ்டர் ஸ்டூலை விட்டு எழுந்தார், மறுபடி உட்கார்ந்தார். அப்படிப்பட்ட பெரிய மனுஷியைத் துரத்திப் போய், நீங்கள் பணம் கட்டவில்லை என்று நடுத்தெருவில் எப்படிச் சொல்வது? சொன்னால் சீருடை வேலை எதிர்க்கடைக்குப் போய்விடும். சொல்லாவிட்டால் சீருடைத் துணியைக் கடனாகக் கொடுத்த வியாபாரிக்கு என்ன பதில்? தலையில் துண்டைப் போட்டுக்கொள்ள வேண்டியதுதான்.

அப்போது கிளி, எந்தப் போனும் அருகில் இல்லாமல், ஆனந்தமாக இன்னொரு 'டிங்' போட்டது.

மாஸ்டரும் சகலையும் நிமிர்ந்து பார்த்தார்கள். பிறகு ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"மிஷினைக் குடுங்க அண்ணே" என்றார் சகலை. தகரம் அடித்த பிறகு நேராகச் சொன்ன முதல் சொல் அது. கடையைத் திறந்தபடியே போட்டுவிட்டு, செருப்புகூட இல்லாமல், தொந்தி குலுங்க ஓடினார். மாஸ்டர் கழுத்து டேப் பறக்கப் பின்னாலேயே ஓடினார்.

பஸ் நிறுத்தத்தில் சகலை மூச்சு வாங்கிக்கொண்டே சொன்னார்: "அம்மா, உங்க மேலயும் தப்பு இல்ல, அண்ணன் மேலயும் தப்பு இல்ல. என் கிளி பொய் சொல்லிடுச்சு. வளத்த நான்தான் மன்னிப்புக் கேக்கணும்."

தலைமை நர்ஸ் போனை எடுத்துப் பார்த்தார். பணம் போகவில்லை.

"மருந்தைச் சாப்பிட்டுட்டேன்னு பொய் சொல்ற ஆளுங்களை நிறையப் பாத்திருக்கேன். கிளி சொல்லி இப்பத்தான் பாக்கறேன்" என்று சிரித்தபடி மிஷினில் போனை வைத்தார். உண்மையான 'டிங்' கேட்டது. ரசீது வந்தபிறகும் சகலை அதை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துத்தான் நம்பினார்.

"அது சரி, அடுத்த தடவை நான் எங்க வந்து பணம் கட்டணும்? தையல் கடையிலயா, கிளிக் கடையிலயா?"

மாஸ்டர் சகலையின் வெறுங்காலைப் பார்த்தார். குதிகாலில் எதுவோ குத்தி ரத்தம் கசிந்திருந்தது.

"என் கடையிலேயே கட்டலாம்மா" என்றார். "நாளைக்கு வாங்க, ரெடியா இருக்கும்."

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவருக்கே உறைத்தது. அந்த வாக்கியத்தை ஒருமுறையாவது காப்பாற்றியாக வேண்டுமே. கடைக்குத் திரும்பி, சகலையின் காலுக்கு மருந்து போட்டு, நேராகப் போய்ச் சுத்தியலை எடுத்தார். அவர் இந்தப் பக்கம் ஆணிகளைப் பிடுங்க, தகரம் காலில் விழாமல் சகலை அந்தப் பக்கமிருந்து கம்பி வழியே விரலால் பிடித்துக்கொண்டார். மனிதர் அடித்த ஆணியை மனிதரே பிடுங்கும்படி கடவுள் ஒரு பச்சைப் பறவையிடம் வேலை ஒப்படைத்திருந்தார் போலும்.

தகரம் இறங்கியது. மேசைமேல் மிஷினின் வட்டம் சுற்றுவதை நிறுத்தி, தயார் என்றது. ஜன்னல் வழியாக ஒரு டீ டம்ளர் வந்தது. மாஸ்டர் அதை வாங்கிய கணத்தில் கூண்டிலிருந்து 'டிங்' என்று சத்தம்.

"டீக்குப் பணம் வந்துடுச்சு அண்ணே" என்றார் சகலை. "குடிங்க."