வரிசையில் பதினொன்று

பாட்சா ஷட்டரைப் பாதி தூக்கியபோது, பின்னாலிருந்து ஒரு கை வந்து மீதியைத் தூக்கியது. கம்ப்யூட்டர் பழுது பார்க்கும் தயாளன்.

"யாசீன் சார் நேத்து சாயங்காலம் போன் பண்ணாரு சார். சிங்கப்பெருமாள் கோவில்லேந்து குடுக்கிற பிரிண்ட் ஒரு மாசமா இங்க வர்றதில்லையாமே. காலைல மொத வேலையா பாருன்னாரு."

"பாரு" என்றார் பாட்சா. தம்பி யாசீன் விடியற்காலையில் மௌத்தாகிவிட்டான் என்பதைச் சொல்லவில்லை.

சாவுச் செய்தி, சிங்கப்பெருமாள் கோவில் ஊரில் யாசீன் பார்த்துக்கொண்டிருந்த தொழிற்சாலையின் மேஸ்திரி மாரியிடமிருந்து வந்தது. வீட்டிலிருந்து யாரும் அழைக்கவில்லை. குடும்பத்து மூத்தவனுக்கு இதுவா முறை? அவர்களாகச் சொல்லட்டும் என்று வழக்கம்போல் இரும்புலியூர் அலுவலகத்துக்கு வந்துவிட்டார். அடக்கம் நண்பகல் லுஹர் தொழுகைக்குப் பிறகு. மணி பத்து ஆகியிருந்தது.

நான்கு வருடங்களுக்கு முன் யாசீன் மூத்த மகளின் சம்பந்தத்தை இவரைக் கேட்காமல் முடித்தான். அன்றே பாட்சா சொல்லிவிட்டார்: "இனிமே எதுவா இருந்தாலும் எழுத்துல வரட்டும்." அதிலிருந்து யாசீன் தொழிற்சாலையில் தட்டச்சு செய்வான், இங்கே தாள் வரும். பாட்சா ஓரத்தில் 'பார்த்தேன்' என்றெழுதிக் கையெழுத்திட்டுக் கோப்பில் வைப்பார். ஒரு மாதமாக எதுவும் வரவில்லை. இளையவள் இஃப்ராவுக்கு வரன் பேசுவதாக மட்டும் காதில் விழுந்தது. இந்த முறையும் கேட்காமல் முடிக்கிறான் என்று எடுத்துக்கொண்டார். ஏன் தாள் வரவில்லை என்று விசாரிக்க அவர் இறங்கிப் போகவில்லை.

"விபிஎன் நல்லாத்தான் கீது சார். அந்த ஆபீஸும் இந்த ஆபீஸும் பேசிகினுதான் இருக்கு" என்ற தயாளன், போனை ஸ்பீக்கரில் போட்டான். "மாரிண்ணா, சிஸ்டத்த ஆன் பண்ணிட்டு ஒதுங்கிக்க. மவுஸத் தொடாத. இங்கேந்தே நான் பாத்துக்கறேன்."

"நான் எங்க தொடறேன்? ஐய, அம்பு தானா ஓடுது" என்றது மாரியின் குரல். பிறகு இறங்கியது. "டேய் தயாளா, மொதலாளி போயி வூட்ல கெடத்தியிருக்கு. இப்ப இன்னாடா பிரிண்டு? பெரியவரு ஒண்ணும் சொல்லலியா?"

தயாளன் திரும்பிப் பார்த்தான். பாட்சா சுவரிலிருந்த காலண்டரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"வேலைய முடி" என்றார்.

தயாளன் மறுபடி விசைப்பலகையைத் தட்டினான்.

"இங்க மோடம் மாத்துனீங்களா சார்?"

"போன மாசம்."

"அங்க சொன்னீங்களா?"

பாட்சா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"மாத்துனதுல பிரிண்டரோட நம்பர் மாறிடுச்சு சார். அவரு பழைய நம்பருக்கே அனுப்பிகினு இருந்திருக்காரு." தயாளன் எதையோ மாற்றினான். "வரிசையில பதினொண்ணு நிக்குது. எல்லாம் பழசு. அழிச்சிடவா?"

"வேண்டாம்."

பிரிண்டர் முனகியது. முதலில் ரப்பர் கேஸ்கட் சோதனை அறிக்கைகள் வந்தன. ஐந்தாவது தாள், ஆங்கில எழுத்தில் அடித்த தமிழ்.

'அண்ணனுக்கு ஸலாம். வெள்ளிக்கிழமை இஃப்ராவைப் பார்க்க வருகிறார்கள். நீங்கள் வந்து உட்கார்ந்தால்தான் பேச்சு என்று சொல்லியிருக்கிறேன்.'

இரண்டு அறிக்கைகள் தாண்டி அதே கடிதம். வெள்ளி மட்டும் அடுத்த வெள்ளி. பிறகு அதற்கும் அடுத்த வெள்ளி. கடைசித் தாளில் நேற்றைய தேதி இருந்தது.

'மாப்பிள்ளை வீட்டாரை இன்னும் காத்திருக்கச் சொல்லியிருக்கிறேன். அண்ணன் பதில் போடாமல் இருக்கமாட்டீர்கள். மெஷின்தான் பழுதாக இருக்கும். தயாளனைப் பார்க்கச் சொல்கிறேன்.'

பாட்சா பேனாவைத் திறந்தார். ஓரத்தில் 'பார்த்' வரை எழுதிவிட்டு நின்றார்.

"மாரி, லைன்ல இருக்கியா?"

"கீறேன் சார்."

"வீட்டுக்குப் போ. பெரியத்தா வந்துகிட்டு இருக்கேன்னு இஃப்ராகிட்ட சொல்லு. நான் வர்ற வரைக்கும் எடுக்க வேணாம்."

"அந்தப் பொண்ணுதான் சார் காலைல என்னப் போன் பண்ணச் சொல்லிச்சு. தானே வாயால சொன்னா கோவிச்சுப்பீங்களோன்னு அதுக்கு பயம்."

பாட்சா நான்கு கடிதங்களையும் மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். கிளம்பும்போது தயாளன் பிரிண்டர் ஸ்விட்சில் கை வைத்தான்.

"இருக்கட்டும்."

ஷட்டர் இறங்கியது. உள்ளே, காலித் தட்டுக்கு மேலே பச்சை விளக்கு எரிந்துகொண்டிருந்தது.