ஆறிப்போன சஹன்

விடிகாலைச் சுபஹுத் தொழுகை முடிந்த கையோடு பக்கீர் முகைதீன் அரிசி ஆலைக் கொதிகலனுக்குள் உமி தள்ளத் தொடங்கினான். அவியும் நெல்லின் ஆவி மூச்சை முட்டியது. உமித்தூசு கண்ணை அறுத்தது. பக்கத்தில் வால்வு திருகும் பாண்டிருப்புக் கனகரெத்தினத்தின் இடம் வெறுமையாகக் கிடந்தது. போன மாதம் தேய்ந்த வால்வு பிய்த்துக்கொண்டு ஆவி முகத்தில் அடித்ததில் அந்த மனுசனின் இரண்டு கண்ணும் வெந்து போயின.

வால்வை மாற்றச் சொல்லிச் சொல்லி வாய் நொந்ததுதான் மிச்சம். செலவைக் குறைத்தால் இலாபம் ஏறும், பங்கின் விலையும் ஏறும். விலை எவ்வளவு ஏறினாலும் பழைய பத்து ரூபாய்க்கே புதுப் பங்கு வாங்கிக்கொள்ளும் உரிமை மனேஜர் பளீலுக்குச் சம்பளத்தோடு சம்பளமாகக் கிடைத்திருந்தது. ஆலை படுத்த காலத்தில் தொழிலாளர்களும் கூலிக்குப் பதிலாகப் பங்குதான் வாங்கியிருந்தார்கள். பளீல் எடுக்கும் ஒவ்வொரு புதுப் பங்கும், நோன்புக் கஞ்சியில் தண்ணீர் ஊற்றுவதுபோல, அவர்களுடையதை நீர்த்துப்போகச் செய்தது.

இதற்குக் கை தூக்கியவர்களும் அவர்களேதான்! கூட்டத்துக்கு முன்னால் பளீல் சஹன் வைத்து விருந்து கொடுப்பார். ஒரே தட்டைச் சுற்றியிருந்து இறைச்சிச் சோறு தின்றபின், விருந்து வைத்தவனை எதிர்த்துப் பேச யாருக்கு நா எழும்? அந்த வெட்கங்கெட்ட மரியாதையை நினைத்தால் பக்கீர் முகைதீனுக்குத் தன்மேலேயே காறித் துப்பலாம்போல் இருந்தது.

இன்று பகலும் கூட்டம். பளீலுக்கு இன்னொரு தொகுதி பங்கு அனுமதிக்கப்பட்டால் தொழிலாளர்களின் பங்கு பாதிக்குக் கீழே இறங்கிவிடும். பிறகு ஆலையில் அவர்கள் சொல் எடுபடாது.

மண்டபத்தில் சஹன்கள் வந்தன. நெய்ச்சோறு மணத்தது.

"பிஸ்மி சொல்லித் தொடங்குங்க," என்றார் பளீல்.

ஒருவரும் கை நீட்டவில்லை.

"என்ன, சோறு ஆறுதே?"

"ஆறட்டும் சேர்," என்றான் பக்கீர் முகைதீன். "கனகரெத்தினம் அண்ணன்ட கண்ணுக்கு என்ன செய்யப் போறீங்க?"

"கம்பனிக்கு இப்ப ஏலாது. இலாபம் குறைஞ்சா உங்கட பங்கும்தானே விழும்? அந்தாளுக்கு ஓய்வெடுக்கிற வயசு. இனிக் கண்ண வெச்சு என்ன செய்யப் போறார்?"

பக்கீர் முகைதீன் கைகளைக் கட்டிக்கொண்டான். "போன முறை உங்கட சோத்தத் திண்டு வாயடைச்சுப் போனம். இண்டைக்குப் பட்டினியோட உங்களுக்கு எதிராக் கை தூக்குவம்."

பளீல் சிரித்தார். "கொழும்புப் பங்குக்காரர் என்ட பக்கம். உங்கள்ல நாலு பேர் திண்டாலே எனக்குக் காணும்."

அவர் காத்திருந்தார். காலையிலிருந்து ஒன்றும் தின்னாத வயிறுகள் இரைந்தன. எந்தக் கை முந்திப் போய்விடுமோ என்று பக்கீர் முகைதீன் பயந்தான்.

கண்கட்டோடு கனகரெத்தினம் மனைவியின் தோளைப் பிடித்தபடி உள்ளே வந்தார். சஹனைச் சுற்றியிருந்தவர்கள் ஒதுங்கி இடம் விட்டார்கள்.

"சோறு மணக்குது தம்பி. ஆராவது கை வெச்சிட்டீங்களா?"

"இல்ல அண்ணன். ஒருத்தரும் வெக்கல்ல."

"அப்ப கூட்டத்தத் தொடங்கச் சொல்லுங்க," என்று கனகரெத்தினம் அவர்களோடு உட்கார்ந்தார். "நானும் பங்குக்காரன்தான்."