கொத்தினால்தான் குளியல்

ஒரு கடற்புறா தன் விரலைக் கொத்தாதா என்று ஒருத்தி காலையிலிருந்து ஏங்கிக்கொண்டிருந்தாள் என்றால் உங்களுக்குச் சிரிப்பு வரும். சிரியுங்கள், தப்பில்லை. ஆனால் அன்றைக்கு முப்பத்தேழு உயிர்கள் அந்த ஒரு கொத்தை நம்பித்தான் இருந்தன.

அவள் கால்நடை மருத்துவர். கப்பலிலிருந்து எண்ணெய் கசிந்தது என்று கேள்விப்பட்ட மறுநாளே, மூடிக் கிடந்த நகராட்சி நீச்சல் குளத்தின் சாவியைக் கெஞ்சி வாங்கினாள். பெண்கள் உடை மாற்றும் அறையில் வரிசையாக அட்டைப்பெட்டிகள், மேலே சூட்டு விளக்குகள், பெட்டிக்கு ஒரு நம்பர். பெட்டிக்குள் தார் பூசின மாதிரி ஒரு பறவை. வெந்நீர்க் கொதிகலனைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டுமே? கணவனின் தம்பி ஹீட்டர் மெக்கானிக். கூப்பிட்டதும் லீவு போட்டுவிட்டு வந்துவிட்டான். கூடவே அவன் வாயும் வந்துவிட்டது.

"அண்ணி, இங்க கேன் கேனா பாத்திர சோப்பு இருக்கு. நம்ம வீட்டு சிங்க் இந்த சோப்பைப் பார்த்து அஞ்சு நாள் ஆச்சு. அண்ணன் டம்ளர் இல்லாம சொம்புல காபி குடிக்கிறாரு."

"குடிக்கட்டும். தண்ணி எத்தனை டிகிரியில இருக்கு?"

"நாப்பத்தொண்ணு. நீங்க இதோட ஆறாவது தடவை கேக்குறீங்க."

அவள் மறுபடியும் பெட்டிகள் பக்கம் போனாள். ஒவ்வொன்றின் மூடுதுணியையும் விலக்கி, கையுறை போட்ட விரலைப் பறவையின் மூக்குக்கு நேரே நீட்டினாள். ஒன்றும் அசையவில்லை. அடுத்தது. அதுவும் இல்லை.

எண்ணெய் ஒட்டின பறவையைக் கொண்டுவந்ததும் கழுவக் கூடாது, தெரியுமா? குளிரிலும் பட்டினியிலும் பாதி உயிர் போயிருக்கும். கழுவுவதென்றால் முக்கால் மணி நேரம் ஆள் மாற்றி ஆள் பிடித்துத் தேய்க்க வேண்டும். அந்தப் பயத்திலேயே இதயம் நின்றுவிடும். அதனால் முதலில் சூடு காட்டி, குழாய் வழியாக உப்பும் சர்க்கரையும் கலந்த தண்ணீர் கொடுத்து, தேறட்டும் என்று விட்டுவிடுவார்கள். தேறியதா என்று பார்க்க அவளுடைய சோதனை ஒன்றுதான். விரலை நீட்டினால் கோபம் வந்து கொத்த வேண்டும். கொத்தினால்தான் குளியல். இந்த முப்பத்தேழும் முந்தின நாள் மத்தியானம்தான் வந்தவை.

ஆனால் நிதி அலுவலகத்து ஆள் பதினொரு மணிக்கு வருகிறார். எண்ணெயில் சிக்கிய உயிர்களைக் காப்பாற்ற அரசாங்கம் ஒரு பொது நிதி வைத்திருந்தது. முதல் தவணையில் வந்த எரிவாயு அன்று சாயங்காலம் வரைதான் தாங்கும். அடுத்தது வர வேண்டுமானால், கழுவின பறவை ஒன்றையாவது அந்த அதிகாரி கண்ணால் பார்த்து, ஒரு மணிக்குள் அறிக்கை அனுப்ப வேண்டும். இல்லாவிட்டால் 'பணி தொடங்கவில்லை' என்று எழுதுவார். அப்புறம் கட்டடத்துக்குப் பூட்டு, பறவைகளுக்குக் கருணைக்கொலை ஊசி.

படிவத்தில் 'கழுவியவை', 'விடுவித்தவை', 'இறந்தவை' என்று மூன்று கட்டங்கள் இருந்தன. தேறிக்கொண்டிருப்பவற்றுக்கு ஒரு கட்டம் போட யாருக்கும் தோன்றவில்லை.

பத்தே கால். அவள் வாசலுக்குப் போனாள், திரும்பினாள், கடிகாரத்தைப் பார்த்தாள், கொதிகலனைத் தொட்டுப் பார்த்துக் கையைச் சுட்டுக்கொண்டாள். அந்த நேரம் பார்த்து மீன்பிடித் துறையிலிருந்து ஃபோன் வந்தது. இன்னும் நாலு பறவை கிடைத்திருக்கிறதாம். பேசிக்கொண்டே வெளியே போனாள்.

கொழுந்தனுக்கு அவள் படும் பாடு பொறுக்கவில்லை. ஒன்றைக் கழுவிக் காட்டிவிட்டால் தீர்ந்தது என்று நினைத்தான். பத்தொன்பதாம் நம்பர்ப் பெட்டியைத் திறந்தான். கடற்புறா சாதுவாக அவனைப் பார்த்தது. தூக்கினான், திமிறவில்லை. அடடா, என்ன சமத்து என்று நினைத்துக்கொண்டான். கொதிகலன் முரண்டு பிடிக்காமல் ஓடினால் நன்றாக இருக்கிறது என்று அர்த்தம். பறவையையும் அவன் அப்படித்தான் எடைபோட்டான்.

அவள் ஃபோனை வைத்துவிட்டு வந்தபோது, தொட்டித் தண்ணீர் பழுப்பாகக் கலங்கியிருந்தது. பறவையின் மார்பு வெள்ளையாக வந்திருந்தது. தலை அவன் மணிக்கட்டின் மேல் சாய்ந்திருந்தது.

"அண்ணி... தூங்குது போல."

அவள் இரண்டு விரலால் நெஞ்சைத் தொட்டுப் பார்த்தாள். கொஞ்ச நேரம் எடுக்கவே இல்லை.

"தூங்கலப்பா."

அவன் துண்டை எடுத்துப் பறவையைத் துடைத்தான். விளக்குக்குக் கீழே வைத்தான். துடைக்கத் துடைக்க அது அழகாக ஆகிக்கொண்டே வந்தது.

"அண்ணி, ஒண்ணு சொன்னா திட்டக் கூடாது. இப்படியே துண்டுல சுத்தி வெச்சா, குளிச்சிட்டுத் தூங்குற மாதிரியே இருக்கும். வர்ற ஆபீசர் அம்மா தொட்டா பார்க்கப் போறாங்க? மிச்சம் முப்பத்தாறும் பொழைச்சுக்கும்."

அவள் திட்டவில்லை. நின்று யோசித்தாள், அதை மறைக்க மாட்டேன். துண்டின் ஓரத்தை இழுத்துப் பறவையின் கண்ணை மூடக்கூடச் செய்தாள். அப்போது வாசலில் கார்க் கதவு சாத்தும் சத்தம் கேட்டது.

வந்த அதிகாரி குள்ளமான அம்மாள். ஒரு கையில் படிவம், காதில் செருகின பேனா. எண்ணெய் நாற்றத்துக்கு மூக்கைக்கூடச் சுளிக்கவில்லை. விளக்கடியில் துண்டைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது.

"ஒண்ணு முடிச்சிட்டீங்களா? நல்லதாப் போச்சு. வர்ற வழியெல்லாம் எனக்குக் கவலை."

கொழுந்தன் தரையைப் பார்த்தான்.

"இல்லம்மா," என்றாள் அவள். "அது செத்துப் போச்சு. கழுவக் கூடாத நேரத்துல கழுவினோம். நீங்க வர்றீங்கன்னு அவசரப்பட்டுட்டோம்."

"நான்தான் கழுவினேன்," என்றான் அவன். "அண்ணிக்குத் தெரியாது."

அதிகாரி பேனாவை எடுத்தார், எழுதாமல் நின்றார். "அப்போ கழுவினதுன்னு ஒண்ணுகூட இல்லையா?"

"கொத்துற வரைக்கும் கழுவ முடியாதும்மா. இன்னைக்கு இருக்கலாம், நாளைக்கும் ஆகலாம்."

"நாளைக்கா? ஏம்மா, ஒரு மணிக்குள்ள அறிக்கை போகணும். நான் என்ன வேணும்னா செய்யறேன்? கட்டம் மூணுதான் இருக்கு."

அவர் 'இறந்தவை'யில் ஒன்று என்று எழுதினார். மற்றவற்றின் எண்களையாவது குறித்துக்கொள்கிறேன் என்று பெட்டி பெட்டியாகக் குனிந்தார். அவள் பின்னாலேயே நடந்தாள். மூன்று, நான்கு, ஐந்து. பன்னிரண்டாம் பெட்டியில் நம்பர்ச் சீட்டு உள்ளே விழுந்திருந்தது. அதிகாரி துணியை விலக்கிக் கையை விட்டார்.

"ஐயோ, அம்மா!"

ஆட்காட்டி விரலில் ரத்தம். பெட்டிக்குள் நீர்க்காகம் ஒன்று கழுத்தை நெளித்து, இன்னொரு தடவை வா பார்க்கலாம் என்பது போல வாயைப் பிளந்து நின்றது.

"கொத்திடுச்சா? நெஜமா கொத்திடுச்சா?" மருத்துவர் துள்ளிக் குதித்தாள். "ரத்தம் வருதா? நல்லா வருதா?"

"என்னம்மா, இவ்வளவு சந்தோஷமாக் கேக்குறீங்க!"

"டேய், தொட்டியில புதுத் தண்ணி ஊத்து!"

அவன் ஓடினான். விரலில் கட்டுப் போட்டுக்கொண்டே அதிகாரி நடந்ததையெல்லாம் கேட்டுத் தெரிந்துகொண்டார். பதினொன்றே முக்காலுக்கு நீர்க்காகம் தண்ணீரில் இறங்கியது. இறங்கியதிலிருந்து சண்டை. கொழுந்தனின் முழங்கை, மருத்துவரின் கன்னம், சோப்புக் குவளை, எதையும் விடவில்லை. பல்துலக்கும் பிரஷ்ஷால் கண்ணைச் சுற்றித் தேய்த்தபோது அதிகாரியே கட்டுப் போட்ட கையோடு அலகைப் பிடித்துக்கொண்டார். ஐந்து தொட்டித் தண்ணீர் மாற்றியாயிற்று. கடைசியில் குழாய்த் தண்ணீரை வேகமாக அடித்தபோது, துளிகள் சிறகில் ஒட்டாமல் முத்து முத்தாக உருண்டு விழுந்தன.

பன்னிரண்டே முக்கால். அதிகாரி காரின் முன்பக்கத்தில் படிவத்தை வைத்து, 'கழுவியவை: 1' என்று எழுதினார். மூன்று கட்டங்களுக்குக் கீழே ஓரத்தில் ஸ்கேல் இல்லாமல் கோடு இழுத்து நாலாவதாக ஒன்று போட்டார். 'தேறிவருபவை: 35. அவசரப்படுத்தினால் இறக்கும்.' கையெழுத்துப் போட்டுப் படமெடுத்து அனுப்பினார்.

"அடுத்த தவணை வந்துடும். இந்தக் கோட்டுக்காக எங்க ஆபீஸ்ல எனக்கு என்ன கிடைக்கும்னுதான் தெரியல," என்று விரலை ஊதிக்கொண்டே காரில் ஏறினார்.

உள்ளே கொழுந்தன் பத்தொன்பதாம் பெட்டியின் நம்பரைக் கிழித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டான். வீட்டு சிங்க்கைப் பற்றி அதன்பிறகு அவன் வாயைத் திறக்கவில்லை.

மீன்பிடித் துறையிலிருந்து நாலு பறவைகளும் வந்து சேர்ந்தன. அவள் அவற்றைச் சூட்டு விளக்குக்குக் கீழே வைத்துவிட்டு, கையுறையை மாட்டிக்கொண்டு ஒன்றாம் நம்பர்ப் பெட்டிக்குத் திரும்பிப் போனாள். துணியை விலக்கி விரலை நீட்டினாள்.

"கொத்தேன்டா," என்றாள்.