சாரம் வேண்டாத பெயிண்டர்

டமார் என்று ஒரு சத்தம். பெயிண்டர் தன் கட்டிலையும் மாடித் தளத்தையும் உடைத்துக்கொண்டு கீழ்வீட்டுச் சமையலறையில் வந்து விழுந்தார். கீழ்வீட்டுக்காரர் அடுப்பை அணைத்துவிட்டு வீட்டுச் சொந்தக்காரருக்கு போன் செய்தார். ஏன், எப்படி என்று ஒன்றும் விசாரிக்கவில்லை. மனம் கனத்தால் பெயிண்டரின் உடம்பும் கனக்கும் என்பது தெருவுக்கே தெரிந்த விஷயம். சாப்பிடாமல், பேசாமல், சுவரைப் பார்த்தபடி படுத்து எலும்பும் தோலுமாக இளைத்துப்போவார். ஆனால் அவரைத் தூக்க, லாரியில் இரும்பு ஏற்றும் ஆட்கள் வர வேண்டும்.

ஆட்களைப் பிடித்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகிறவர் அவருடைய அண்ணன், பெயிண்டிங் காண்ட்ராக்டர். தம்பி பெண்டாட்டியை மருந்து வாங்கும் வரிசையில் நிற்கவைத்துவிட்டு டாக்டரின் அறைக்குள் அவர்தான் போவார், அவர்தான் பேசுவார். டாக்டர் ஒரு கேள்வித்தாள் வைத்திருந்தார். கடந்த இரண்டு வாரமாகத் தூக்கம் எப்படி, பசி எப்படி, செத்துப்போகலாம் என்று தோன்றியதா. ஒவ்வொன்றுக்கும் ஒரு மதிப்பெண். கூட்டினால் கடுமையான மனச்சோர்வு. கூட்டலில் ஒரு பிழையும் கிடையாது. அந்த இரண்டு வாரத்துக்கு முன்னால் இந்த ஆள் எங்கே இருந்தார் என்று தாளும் கேட்கவில்லை, தாளை வைத்திருந்தவரும் கேட்கவில்லை.

அவர் மேலே இருந்தார். வருஷத்தில் சில மாதங்கள் அவர் கால் தரையில் படாது. தூங்காமல், வாய் ஓயாமல், கூரையை ஒட்டி மிதந்துகொண்டே சீலிங் சீலிங்காக அடித்துத் தள்ளுவார். அந்த மாதங்களில்தான் மனைவியின் சங்கிலியை விற்றுப் பத்து ஏணி வாங்கினார். ஏணியே தேவைப்படாத ஆள். முன்பின் தெரியாத ஒருவரின் காருக்கு ஊதா அடித்துவிட்டு, கேட்டதற்கு அடிக்கவும் போனார். காண்ட்ராக்டர் இதற்கெல்லாம் வைத்திருந்த பெயர், "தம்பி நல்லா இருக்கான்." சாரம் கட்டும் ஆட்களை வேலையை விட்டு நிறுத்திவிட்டு, தம்பியின் இடுப்பில் ஒரு கயிறு கட்டினார். நல்லா இருக்கிறவனைப் பற்றி டாக்டரிடம் சொல்ல என்ன இருக்கிறது?

தளம் உடைந்த அந்தத் தடவை டாக்டர் மாத்திரையின் அளவைக் கூட்டினார். கனம் கரைந்தது. கரைவது நிற்கவில்லை. ஒருநாள் காலை, கயிறு கட்டியிருந்த ஜன்னல் கம்பி பிய்ந்துகொண்டு வந்தது. பெயிண்டர் தண்ணீர் டேங்குக்கும் மேலே போய், வானத்துக்கு எந்தக் கலர் எடுபடும் என்று உரக்க யோசித்துக்கொண்டிருந்தார். மூன்றாம் நாள் உதடு வெடித்து, தோல் கருகியிருந்தது. சாப்பிட இறங்க மாட்டேன் என்றார். காண்ட்ராக்டர் கீழே நின்று, அடுத்த தெருவில் ஒரு வெளிச்சுவர் பாக்கி இருக்கிறது, சாயங்காலம் வரை விட்டுவைக்கலாமே என்றார். பெயிண்டரின் மனைவி கயிற்றின் நுனியை எட்டிப் பிடித்து இழுத்தாள். உள்ளங்கைத் தோல் கயிற்றோடு போயிற்று. புருஷனை அப்படியே பஸ்ஸில் கூட்டிப்போனாள். கண்டக்டர் ஜன்னலுக்கு வெளியே எட்டிப் பார்த்துக் கொஞ்சம் யோசித்துவிட்டு, லக்கேஜ் டிக்கெட் போட்டார்.

டாக்டரின் கதவை அவள் தட்டவில்லை, உதைத்தாள். பெயிண்டர் சீலிங்கில் முட்டி, பூச்சு மட்டம் என்று குறை சொன்னார். டாக்டர் எழுந்து ஃபேனை நிறுத்தினார்.

"கீழ கிடந்தப்ப எல்லாம் அளந்தீங்களே சார், இதை எதை வச்சு அளப்பீங்க?"

டாக்டர் மேஜையின் அடி டிராயரைத் திறந்தார். அங்கே இன்னொரு கேள்வித்தாள் இருந்தது. தூங்காமலே தெம்பு இருந்ததா, எண்ணங்கள் ஓடினவா, பேச்சு, செலவு, கோபம். இதற்கும் மதிப்பெண் உண்டு. ஆனால் போன வருஷங்களையும் கேட்க வேண்டும், கூட இருப்பவர்களையும் கேட்க வேண்டும். இது இருமுனை நோய், கனமும் மிதப்பும் மாறி மாறி வரும், கனத்துக்கு மட்டும் மாத்திரை கொடுத்தால் சிலரை இப்படி மேலே தூக்கி எறிந்துவிடும் என்று அவர் தாழ்ந்த குரலில் சொன்னார். இத்தனை வருஷமாக இந்தத் தாள் இங்கேயேதான் இருந்ததா என்று அவள் கேட்டாள். ஆமாம் என்றார். வரிசையில் நான் நின்றது உங்கள் கண்ணில் படவே இல்லையா என்றாள். டாக்டர் ஒரு நாற்காலியை அவள் பக்கம் தள்ளினார். தொண்டை கட்டும்வரை அவள் எல்லாவற்றையும் சொன்னாள்; அவர் எழுதிக்கொண்டார்.

மருந்து மாறியது. அவ்வப்போது ரத்தம் எடுத்துப் பார்த்து அளவைச் சரிசெய்தார்கள். பெயிண்டர் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கி, தரைக்கு ஒரு விரற்கடை மேலே நின்றார். வருஷங்கள் ஆகியும் அங்கேயேதான் நடக்கிறார். செருப்பு தேய்வதில்லை, தெருவில் யாரும் குனிந்து பார்ப்பதுமில்லை. சாரத்தில் ஏறித்தான் வேலை செய்கிறார். டாக்டரின் அறைக்குள் இப்போது அவள் போகிறாள்.

போன வாரம் காண்ட்ராக்டர் வந்திருந்தார். தம்பி குளிக்கிற சத்தம் கேட்கிறதா என்று பார்த்துக்கொண்டு, அவளிடம் மெதுவாகச் சொன்னார்:

"பெரிய ஆடிட்டோரியம் ஒண்ணு கிடைச்சிருக்கும்மா, சீலிங் ரொம்ப உயரம். ஒரு மாசம் மட்டும் அந்த மாத்திரையை நிறுத்திப் பாப்போமா?"