முதலாளி தமிழில் சொன்னவை

விடிவதற்கு முன்னரே லண்டன் ஸ்ட்ரெதம் பனித்தளத்தில் வேலை தொடங்கிவிடும். அந்த நேரத்தில்தான் வாடகை குறைவு; கிளப் முதலாளி அம்பலவாணனுக்கு வேறு காரணம் தேவையில்லை. காய்ந்தும் காயாத காலுறையின் புளித்த நாற்றத்தோடு பூட்ஸ் கயிற்றை இறுக்கிக்கொண்டு அனுசன் பனியில் இறங்கினான். சுவிஸில் பிறந்து, அங்கேயே ஐஸ் ஹொக்கி பழகி, லண்டனுக்கு வந்து அதையே தொழிலாக்கிக்கொண்ட தற்காப்பு ஆட்டக்காரன். தொழில் என்றால் வேறொன்றுமில்லை. எதிரி அடிக்கும் ரப்பர் வட்டுக்குக் குறுக்கே தன் உடம்பைக் கொண்டுபோய்ப் போடுவது. முறிந்த கணுக்காலில் இரும்பாணியும் வாயில் பொய்ப்பல்லுமாக அவன் தேடிய சொத்து அவ்வளவுதான்.

தற்காப்பில் எப்போதும் இருவர் சோடியாகத்தான் இறங்குவார்கள். அனுசனின் சோடி மாரெக், ஸ்லோவாக்கியாக்காரன். போன ஆட்டத்தில் தடுப்புப் பலகையோடு மோதித் தலை அடிபட்டவன், இன்று பயிற்சி தொடங்கிச் சற்று நேரத்திலேயே பலகையைப் பிடித்துக்கொண்டு, குடித்த தேநீரையெல்லாம் சத்தி எடுத்தான். வெளிச்சம் கண்ணைக் குத்துகிறது என்றான். ஆனாலும் ஆட்டக்காரர் இருக்கும் வாங்கில் குந்தித் தலைக்கவசத்தை மறுபடி மாட்டிக்கொண்டான். டொக்டர் விளையாடலாம் என்று சொல்லிவிட்டாராம். அவனுக்கு அதைச் சொன்னது முதலாளி. இன்னொரு அடி அந்தத் தலையில் விழுந்தால் மாரெக் எழும்புவானா என்பது அனுசனுக்குச் சந்தேகம்தான்.

அந்நேரம் பார்த்து அம்பலவாணன் வந்தார். பலசரக்கு மொத்த வியாபாரத்தில் காசு பார்த்து, பேருக்கு ஆசைப்பட்டுக் கிளப்பை வாங்கிய பெருமகன். ரப்பர் வட்டை இன்றுவரை பந்து என்றுதான் சொல்லுவார். வழுக்கி விழுந்து மானம் போகாமலிருக்க, பனிமேல் அவருக்கென்று கம்பளம் விரிக்கவேண்டும். பனியில் பிழைக்கிறவர்களின் முதலாளி பனியில் கால் வைக்கமாட்டார். த்தூ!

வாங்கருகில் வந்து நின்று, குழு முழுவதும் பார்த்திருக்க, மாரெக்கின் பக்கத்தில் குந்தியிருந்த அனுசனிடம் தமிழில் தொடங்கினார். மற்றவனுக்கு விளங்காது, தமிழன் தமிழனைக் காட்டிக்கொடுக்கமாட்டான் என்ற தைரியம்.

"தம்பி, சனிக்கிழமை ரிக்கெற் எல்லாம் வித்துப்போச்சு. உவன் இறங்கத்தான் வேணும். நீ சொன்னாக் கேப்பான்."

"டொக்டர் உண்மையில என்ன சொன்னவர், அண்ணை?"

"ஒரு மாதம் வேண்டாமெண்டுதான் சொன்னவர். அது உவனுக்கு ஏன்? உவன்ரை தலை போனா இன்னொரு தலை எடுப்பம். நீ எங்கட பெடியன். வாற வருசமும் கொன்ராக்ற் உனக்குத்தான், நான் பாத்துக்கொள்ளுறன்."

அனுசனுக்கு வயது முப்பதைத் தாண்டிவிட்டது. இந்தக் கிளப்பை விட்டால் வேறு எவரும் அந்தக் கணுக்காலை வேலைக்கு எடுக்கப்போவதில்லை. மனைவி லக்‌ஷிகாவின் முகம் ஒருகணம் வந்து போனது. பயம்தான். ஆனால் பயத்தைவிட அருவருப்புத்தான் கூடுதலாக இருந்தது. போன பருவத்தில் சம்பளத்தை வெட்டியபோதும் இதே 'எங்கட பெடியன்' என்று சொல்லித்தான் முதுகில் தட்டினார் இந்த மனுசன்.

அவன் எழுந்து நின்று, வாங்கு முழுவதற்கும் கேட்கும்படி, முதலாளி சொன்னதை ஆங்கிலத்தில் சொன்னான். டொக்டரின் ஒரு மாதத்தையும், இன்னொரு தலையையும், தனக்குக் கிடைக்கப்போகிற கொன்ராக்ற்றையும் ஒன்றும் விடாமல் சொன்னான்.

மாரெக் கவசத்தைக் கழற்றிக் காலடியில் வைத்தான். பயிற்சியாளர் விசில் ஊதினார். அடுத்துத் தடுப்பைத் தாண்டி இறங்கவேண்டியவர்களில் ஒருவரும் அசையவில்லை. பனியில் நின்றவர்களும் ஒவ்வொருவராகச் சறுக்கி வந்து, இடமில்லாமல் தடுப்பில் சாய்ந்து நின்றார்கள். கோல் காப்பாளன் தன் கனத்த உறைகளோடு கடைசியாக வந்து, மாரெக்கின் பக்கத்தில் இடித்துப் பிடித்துக் குந்தினான்.

அம்பலவாணனின் முகம் கறுத்தது. உவங்களுக்கு ஏன் சொன்னாய் என்று பாய்ந்தார். கிளப்பை இழுத்துப் பூட்டி எல்லாரையும் வீட்டுக்கு அனுப்பிவிடுவேன் என்று ஆத்திரத்தில் தமிழிலேயே வெருட்டினார். அனுசன் அதையும் மொழிபெயர்த்தான். ஒருவரும் விலகவில்லை. நாளைக்கு வேலை இருக்குமோ என்று அங்கே எவருக்கும் தெரியாது. மாரெக் சனிக்கிழமை இறங்கமாட்டான் என்பது மட்டும் எல்லாருக்கும் தெரிந்திருந்தது.

இன்னும் என்னவோ சொல்ல வந்த முதலாளி கம்பளத்தில் ஓரடி பின்வாங்கினார்.

"சொல்லுங்கோ அண்ணை," என்றான் அனுசன். "எல்லாரும் கேட்டுக்கொண்டிருக்கினம்."