பின்வரிசைக் கண்ணாடி

சில வாரம் மருத்துவமனையில் இருந்துவிட்டு ஒரியெத்தா திரும்பிய காலையில் முன்வரிசைக் கண்ணாடிக் குழாய்கள் பளபளத்தன. வண்டி நிற்பதற்குள்ளேயே அவள் அதைப் பார்த்துவிட்டாள்.

"பாத்தீங்களா கொமாத்ரே, உங்க பிள்ளைங்கள எப்படிக் குளிப்பாட்டி வச்சிருக்கேன்!" என்றான் வண்டியோட்டி வந்த நிபால்தோ.

அவன் அவளுடைய தொழில் பங்காளி. அவள் மகளுக்கு ஞானத்தந்தையும்கூட. அதனால் எங்கள் ஊர் வழக்கப்படி அவள் அவனுக்குக் கொமாத்ரே, அவன் அவளுக்குக் கொம்பாத்ரே. கூடப்பிறந்தவனிடம் மறைப்பதைக்கூட இங்கே கொம்பாத்ரேயிடம் மறைக்கமாட்டார்கள்.

மரியா எலேனா என்ற எங்கள் ஊருக்கு வெளியே, பழைய வெடியுப்புக் கழிவுமேடுகளின் ஓரத்தில், அந்தக் குழாய்கள் வரிசை வரிசையாகச் சாய்ந்திருந்தன. புல்தைலத்திலிருந்து பிரித்த சரக்கைச் சாராயத்தில் கரைத்து, கொஞ்சம் இளஞ்சிவப்புச் சாயம் சேர்த்து, காற்றைக் குமிழவிட்டு வெயிலில் வைப்பார்கள். மீதியை வெயில் பார்த்துக்கொள்ளும். அதற்கப்புறம் சின்னச் சின்ன வேலைகள். முடிவில் ரோஜா மணம். மற்ற இடங்களில் இதையே பெரிய விளக்குகளை எரித்துச் செய்கிறார்கள். "நாங்க எதையும் எரிக்கிறதில்ல" என்பது ஒரியெத்தாவின் வாக்கு. அந்த வாக்கை நம்பித்தான் பிரான்ஸின் வாசனை நிறுவனமொன்று வாங்கிக்கொண்டிருந்தது. அதன் ஆளான வியோலேன் அன்று மதியம் நேரில் பார்க்க வருவதாக இருந்தது.

எங்கள் பாலையில் வெயிலுக்குப் பஞ்சமில்லை, புழுதிக்கும் இல்லை. மாலைக் காற்று அதைக் கொண்டுவந்து கொட்டும். இரவுப் பனி கண்ணாடியோடு ஒட்டவைக்கும். பொழுது ஏறுமுன், ஈரம் இருக்கும்போதே, பழைய பருத்திச் சட்டையால் துடைத்துவிட வேண்டும். சில வாரம் விட்டால் ஓடுபோல் இறுகிவிடும்.

ஒரியெத்தா மெதுவாக நடந்து பின்னால் போனாள். தையல் இன்னும் இழுத்தது. இரண்டாவது வரிசையிலிருந்து கடைசி வரைக்கும் எல்லாம் ஓடு பிடித்திருந்தன. நகத்தால் சுரண்டினாள், பெயரவில்லை. கொட்டகைக்குப் பின்னாலிருந்து டீசல் எஞ்சினின் சத்தம் வந்தது. உள்ளே பச்சை விளக்குகளுக்கு நடுவே சரக்கு குமிழிட்டுக்கொண்டிருந்தது.

"எப்பலேர்ந்து?"

நிபால்தோ தொப்பியைக் கழற்றினான். "பிரான்ஸ்காரங்க ரெண்டு மடங்கு சரக்கு கேட்டாங்க, கொமாத்ரே. உங்க சூரியன் சாயங்காலமானா துண்ட உதறித் தோள்ல போட்டுக்கிட்டு வீட்டுக்குப் போயிடுறான். நான் என்ன பண்ண? பொருள் அதேதான். மூக்கு என்ன, டீசல் பில்லா கேக்கப்போகுது?"

"எப்பலேர்ந்துன்னு கேட்டேன்."

"நீங்க ஆபரேஷனுக்குப் போறதுக்கு முன்னாடியே, அடுத்த ஊர்க் கொட்டகைல விளக்கு வச்சு. நீங்க போனப்புறம் இங்க மாத்தினேன்."

ஒரியெத்தா பக்கத்திலிருந்த பீப்பாயின்மேல் உட்கார்ந்தாள். மருத்துவமனையில் இவன் ஒரு சின்னக் குப்பி கொண்டுவந்திருந்தான். "மோந்து பாருங்க, சூரியன் குடுத்தனுப்பினான்" என்றான். அவள் முகர்ந்துவிட்டு அழுதிருந்தாள். அதே கட்டிலில் சாய்ந்தபடி வியோலேனிடம் ஃபோனில், "நாங்க எதையும் எரிக்கிறதில்ல" என்று சொன்னாள். அப்போது ஃபோனை அவள் முகத்துக்கு நேராகப் பிடித்திருந்தது இவன் கைதான்.

"என் வாயால சொல்ல வச்சியே, நிபால்தோ."

"இன்னிக்கு ஒரு நாள் காட்டுறத முன்வரிசையோட நிறுத்திக்கங்க. நாளைக்கு நானே எல்லாத்தயும் துடைக்கிறேன். உங்க மக மேல சத்தியம்."

"அவ பேர எடுக்காத."

மதியம் வியோலேன் வந்தாள். முன்வரிசையின் இளஞ்சிவப்பைப் பார்த்ததும் கைகளைக் கோத்துக்கொண்டு நின்றுவிட்டாள். "எவ்ளோ அழகு! இங்கயே ஒரு படம் எடுத்துக்கலாமா?"

"எடுங்க, எடுங்க! ஒரியெத்தா, நடுவுல வாங்க!" என்றான் நிபால்தோ.

ஒரியெத்தா கம்பியில் தொங்கிய பழைய சட்டையை எடுத்தாள். குடிக்க வைத்திருந்த தண்ணீரில் அதை நனைத்தாள்.

"படம் அப்புறம். முன்னாடி நிக்கிறது விருந்தாளிக்கு வச்சது. நீங்க சரக்கு வாங்க வந்தவங்க. பின்னாடி வாங்க."

கடைசி வரிசையில் ஒரு குழாயை அழுத்தித் தேய்த்தாள். சட்டை செம்மண் நிறமானது. மெல்ல மெல்ல ஒரு கையகலம் கண்ணாடி தெளிந்தது. வியோலேன் குனிந்து பார்த்தாள். உள்ளே இளஞ்சிவப்பு இல்லை. ஒரு சொட்டுச் சரக்கும் இல்லை. காலிக் குழாயின் வழியே அந்தப் பக்கத்துப் பாலை தெரிந்தது. அவள் நிமிர்ந்தபோது கொட்டகைப் பக்கத்துச் சத்தம் அவளுக்கும் கேட்டிருக்க வேண்டும். திரும்பி அங்கே பார்த்தாள்.

"ஆமா, டீசல்தான். வாங்க, அதயும் காட்டுறேன்" என்றாள் ஒரியெத்தா.

முன்வரிசையில் நிபால்தோ, படத்துக்குச் சரிசெய்த தொப்பியோடு, அப்படியே நின்றிருந்தான்.