ஓரப்பீடத்துக் கல்யாணம்

ஐம்பதுகளில் வட இங்கிலாந்தில் எங்கள் பிரெஸ்டன் ஊரில், வெள்ளிக்கிழமை பஞ்சு மில் கேன்டீனில் இறைச்சியைத் தொடாதவர்களைப் பார்த்தால் போதும், கத்தோலிக்கர் யாரென்று தெரிந்துவிடும். "போப்பாண்டவர் பார்த்துக்கிட்டு இருக்கார், ஜாக்கிரதை!" என்று பக்கத்து மேசையிலிருந்து கிண்டல் வரும். அப்பா அசரமாட்டார். வீட்டுக்கு வந்து எங்களிடம், "நாம ஒண்ணும் ரோம்ல இருந்து வந்தவங்க இல்லடி. நானூறு வருஷத்துக்கு முன்னாடி ராஜாவே சபை மாறச் சொன்னப்ப மாறாம நின்ன இங்கிலாந்துக்காரங்க" என்பார்.

அப்பேர்ப்பட்டவரின் மூத்த மகள், என் அக்கா வினிஃப்ரெட், மெதடிஸ்ட் என்ற புராட்டஸ்டன்ட் சபைப் பையன் கிளிஃபர்டைத்தான் கட்டுவேன் என்று நின்றாள். பிறக்கிற பிள்ளைகளைக் கத்தோலிக்கராக வளர்க்கிறேன் என்று அவன் வாக்குக் கொடுத்த பிறகுதான் பங்குச் சாமியார் சம்மதித்தார். அப்போதும், வேற்றுச் சபைக் கல்யாணம் என்பதால் பூசை கிடையாது, பூ கிடையாது, ஆர்கன் கிடையாது. ஓரத்துச் சிறுபீடத்தில் மோதிரம் போட்டுக்கொண்டு போகவேண்டியதுதான்.

"திருட்டுக் கல்யாணம் மாதிரி இருக்கேடி" என்று அம்மா அழுதாள்.

"பாட்டு இல்லன்னா கல்யாணம் செல்லாதாம்மா?" என்றாள் அக்கா. சொல்லிவிட்டு விறுக்கென்று மாடிக்குப் போய்விட்டாள்.

கிளிஃபர்டின் அப்பா ஹார்கிரீவ்ஸ், மனைவியை இழந்தவர், பிடிவாதக்காரர். "அந்தக் கோயில் வாசப்படிய நான் மிதிக்க மாட்டேன்" என்று சொல்லியனுப்பிவிட்டார்.

கல்யாணம் கால்மணி நேரத்தில் முடிந்தது. எங்கள் செருப்புச் சத்தம் மட்டும் கேட்க வெளியே வந்தோம். அப்போது எதிர்ச்சாரியில் கார்னெட் என்ற பித்தளை ஊதுகுழல் ஒலித்தது. கறுப்புக் கோட்டில் ஹார்கிரீவ்ஸ், கன்னம் உப்ப, தன்னந்தனியாக ஊதிக்கொண்டிருந்தார். அவர்கள் மெதடிஸ்ட் சேப்பலில் பாடும் பாட்டு இல்லை. எங்கள் மாதா பாட்டு.

அக்கா படியிலேயே நின்று அழுதாள். அதுவரை அவரோடு ஒரு வார்த்தை பேசியிராத அப்பா தொப்பியைக் கழற்றிக்கொண்டு சாலையைக் கடந்தார்.

"எங்க பாட்டு உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"வருஷா வருஷம் மாதா பவனியில என் ஜன்னலுக்குக் கீழதான கத்திக்கிட்டுப் போறீங்க."

"ரெண்டாவது அடியில சுருதி தப்புதே!"

"உங்காளுங்க அப்படித்தான் பாடுறாங்க. கேட்டதத்தான் ஊதினேன்."

அப்பா வாய்விட்டுச் சிரித்தார். விருந்தில் இருவரும் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்தார்கள். அப்பாவுக்குப் பீர், மெதடிஸ்ட் முறைப்படி மது தொடாத அவருக்குத் தேநீர்.

அக்காவின் முதல் குழந்தையின் ஞானஸ்நானத்துக்கு ஹார்கிரீவ்ஸ் வாசலோடு நின்றுகொண்டார். இரண்டாவதன்போது முன்னதாகப் பூசைக்கே வந்து, கடைசி பெஞ்சில், என் பக்கத்தில் உட்கார்ந்தார். பூசை லத்தீனில், அவருக்கு ஒரு வார்த்தை புரியவில்லை. நான் முழந்தாளிட்டபோதெல்லாம் அவரும் முனகிக்கொண்டே முழந்தாளிட்டார்.

"ஏம்மா, இன்னும் எத்தன தடவ?" என்று காதோரம் கேட்டார்.

"இன்னும் ஒண்ணே ஒண்ணுதான் மாமா" என்று பொய் சொன்னேன்.

இப்போது பூசையும் ஆங்கிலத்தில், வேற்றுச் சபைக் கல்யாணமும் நடுப்பீடத்தில். யாரும் யாரையும் எந்தக் கோயில் என்று கேட்பதில்லை. நல்லதுதான். ஆனாலும் அந்தக் கடைசி பெஞ்சில் உட்காரும்போதெல்லாம் எனக்கு, எப்போதோ போய்விட்ட மாமாவின் அந்த முனகல் கேட்காதா என்றிருக்கிறது.